முழங்காலுக்குக் கீழே மோதினால் ஃப்ரீ கிக்: அந்த விதி இருக்கட்டும்

ஆஸ்திரேலிய கால்பந்தில் (AFL) பந்துக்காகச் சறுக்கி வந்து எதிராளியின் முழங்காலுக்குக் கீழே மோதினால், எதிரணிக்கு ஃப்ரீ கிக் (தடையின்றிப் பந்தை உதைக்கும் வாய்ப்பு) தரும் விதியை எடுத்துவிடச் சொல்லி, "வேண்டுமென்றா செய்தார்? பந்தைத்தானே எடுக்கப் போனார்" என்று மேலே பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 2012-இல் சிட்னி ஸ்வான்ஸ் வீரர் கேரி ரோஹனின் கால் முறிந்த அந்தச் சறுக்கலில் எதிரணியான நார்த் மெல்போர்னின் லிண்ட்சே தாமஸுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நானும் நினைக்கவில்லை. அவரை வில்லனாக்குவது அநியாயம்.

ஆனால் எண்ணம் நல்லதாக இருந்தால் கால் முறியாமல் இருந்துவிடுமா? உருளும் பந்தைக் குனிந்து எடுக்க வருபவரின் பாரமெல்லாம் ஊன்றிய காலில்தான். எதிரே ஒருவர் உடம்பைக் கிடத்திச் சறுக்கி வந்தால் அந்தக் கால் எங்கே விலகும்? ரோஹனுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. அதே ஆண்டு ஸ்வான்ஸ் இறுதிப் போட்டியில் ஹாதோர்ன் அணியை 10 புள்ளிகளில் வென்று கோப்பையைத் தூக்கியபோது அந்த 21 வயதுப் பையன் களத்தில் இல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு 2013-இல் வந்த இந்த விதி, பந்துக்கு முதலில் பாய்கிறவனைத் தண்டிக்கிறதாம். முதலில் போகட்டும், நின்றபடி போகட்டும்! குனிந்து எடுக்கவும் துணிச்சல் வேண்டும். லேசான உரசலுக்கெல்லாம் விசில் ஊதுவது எனக்கும் எரிச்சல்தான். அதைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். விதியையே எடுக்கச் சொல்லாதீர்கள்.