கல்யாண எண்ணெயில் ஓடிய இஞ்சின்

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதிரசமும் முறுக்கும் சுட்டு, கறுத்துப்போன எண்ணெய் இரண்டு டின் மிஞ்சியது. கோடை நேரம், டீசலுக்குக் கொடுத்து மாளவில்லை. பயோடீசல் என்றால் எண்ணெய்தானே என்று பழைய வேட்டியில் வடிகட்டி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து போர்வெல் இஞ்சினில் ஊற்றிவிட்டேன். ஓடியது! புகையில் முறுக்கு வாசம். நாற்றங்காலில் நாற்று பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "யாரு வீட்டுல விசேஷம்?" என்று கேட்டார்.

மூன்றாவது வாரம் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். மெக்கானிக் அண்ணன் டீசலைத் தூவும் நாசிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முனையில் கரி பூத்துத் துளையே தெரியவில்லை. பிஸ்டன் ரிங் காடியோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. "தம்பி, இது வடைச்சட்டி இல்லை" என்றார்.

தப்பு எண்ணெய் மேல் இல்லை, என் மேல்தான். சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. நாசிலால் அதைப் பனி மாதிரித் தூவ முடியாது. துளி பெரிதாக விழுந்து, பாதி வெந்து, கரியாகிவிடும். அதே எண்ணெயில் மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடுபடுத்திக் கலக்கினால் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணி போன்ற திரவத்தைக் கழுவி, ஈரம் போக்கி எடுத்தால் அதுதான் பயோடீசல். (1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். கண்காட்சியில் சில நாள் ஓடுவது வேறு, குறுவைக்கு ராப்பகலாக ஓடுவது வேறு.)

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம், ஒரு விவசாயக் குழுவில் வந்த பதிவு. காவிரி டெல்டாவில் நெல்லை விட்டுவிட்டு எண்ணெய்வித்து போட்டால் எரிபொருளில் தன்னிறைவு அடையலாமாம். அறுநூறு லைக். சரி, கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர் கடலையில் 1,000 கிலோ காய் கிடைத்தால், உடைத்து ஆட்டினால் 300 லிட்டர் எண்ணெய்க்கு மேல் தேறுவது கஷ்டம். என் 5 எச்பி இஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். தினம் 12 மணி நேரம் ஓட்டினால் 25 நாளில் அந்த ஏக்கர் தீர்ந்தது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நாம். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டு, எண்ணெய்க் கிணறு புதிதாக வராமல் காப்பாற்றிய மண்ணில் இஞ்சினுக்கு எண்ணெய் விளைவிப்பதா?

பயோடீசலுக்காகக் காட்டாமணக்கு நட்ட கதையும் மறந்துவிட்டது போல. (நம் வாய்க்காலை அடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு இல்லை, இது வேறு.) தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி நட வைத்தார்கள். தண்ணீர் இல்லாமல் செடி சாகவில்லை, உண்மைதான், காய்க்கவும் இல்லை. மத்திய அரசின் 2009 உயிரி எரிபொருள் கொள்கையில், டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலப்போம் என்றார்கள். 2018 கொள்கையில் அது 2030க்குள் 5 சதவீதம் என்று இறங்கியது.

புகை குறைகிறதா என்றால், குறைகிறது. 20 சதவீதம் பயோடீசல் கலந்தால் கரித்துகள் சுமார் 10 சதவீதம் குறையும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002இல் கணக்கிட்டது. எண்ணெயிலேயே ஆக்சிஜன் இருப்பதால் நன்றாக எரிகிறது. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் கூடும், 2 சதவீதம் அளவுக்கு. இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு கூட்டம், காற்றிலிருந்தே டீசல் வரப்போகிறது என்கிறது. செயற்கை எரிபொருள் பொய் இல்லை. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, கரியமில வாயுவோடு சேர்த்து டீசல் செய்யலாம். அதில் வரும் ஃபிஷர்–ட்ரோப்ஷ் முறைக்கே நூறு வயசு. ஜெர்மனியில் நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்தது. ஆனால் 100 யூனிட் மின்சாரம் போட்டால் டீசலாகத் தேறுவது பாதிதான். அதை இஞ்சினில் எரித்தால் சுழலும் தண்டில் கிடைப்பது 15 யூனிட்டோ என்னவோ. அதே மின்சாரத்தை நேரே மோட்டாருக்குக் கொடுத்தால் 80க்கு மேல். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் லட்சணம் தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதனால் நான் சொல்வது இதுதான். போர்வெல்லுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், கரண்டுக் கம்பியைக் கொடுங்கள், இல்லை சோலார் கொடுங்கள். இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வரிசை நகர்ந்தாலே எத்தனையோ இஞ்சின் வாய் மூடும். கம்பி போக முடியாத இடத்துக்கு மட்டும் முறையாகச் செய்த பயோடீசல் போகட்டும்: சேற்றில் இறங்கி நெல் அறுக்கும் செயின் வண்டிக்கு, நாகப்பட்டினத்து விசைப்படகுக்கு.

படகு விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், படகு கரையில் நிற்கும். பயோடீசல் ஈரத்தை இழுக்கும், நாளானால் கெடும். டாங்கில் அப்படியே விட்டால் கசடு கட்டி ஃபில்டரை அடைக்கும். பொரித்து மிஞ்சிய கழிவு எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்து எடுக்கும் டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை, பழைய இஞ்சினிலேயே ஊற்றலாம். விலைதான் கூடுதல். மானிய டீசல் கொடுக்கிற அரசு இதற்கும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமே.

கழிவு எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை பஜ்ஜிக் கடை இல்லாத முக்கு உண்டா? பழைய எண்ணெயில் செய்த பயோடீசலை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கும் திட்டம் 2019லேயே வந்தது, லிட்டர் 51 ரூபாய் என்று. எங்கள் பக்கம் சேகரிக்க ஒரு வண்டி வந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் மறுபடியும் ஒன்றரை டின் மிஞ்சியது. மொபட்டில் ஒருவர் வந்து பாதி விலைக்குக் கேட்டார். எதுக்குங்க என்றேன். "நம்ம கடைக்குத்தான், சாயங்காலம் போண்டா போடலாம்ல" என்றார். கொடுக்கவில்லை. டின் இன்னும் மாட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறது.