வாட்ஸ்அப் எர்லாங்கில் ஓடினால் நமக்கென்ன?

எந்த மொழி, எந்தக் கருவிகளை வைத்து சாஃப்ட்வேர் கட்டுவது என்ற டெக் ஸ்டாக் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பை இழுத்து வந்துவிடுவார். "எர்லாங் என்ற மொழியில் எழுதினார்கள். 32 இன்ஜினியர்களை வைத்து 45 கோடிப் பேரைச் சமாளித்தார்கள்" என்பார். 2014இல் ஃபேஸ்புக் வாங்கியபோது நிலவரம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் எர்லாங் எப்படி உள்ளே வந்தது என்பதை மட்டும் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஈஜாபர்டி என்ற ஓப்பன் சோர்ஸ் சாட் சர்வர் ஏற்கெனவே இருந்தது. எர்லாங்கில் எழுதியது. அதை எடுத்து வைத்து ஆரம்பித்தார்கள், அப்புறம் தேவைக்கேற்பத் திருத்தி எழுதிக்கொண்டே போனார்கள். சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், அது வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கூமுக்கும் பிரையன் ஆக்டனுக்கும் யாஹூவில் வேலை பார்த்த காலத்திலேயே கை பழகியது. எர்லாங்கோ எரிக்சன் நிறுவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1980களில் உருவாக்கிய மொழி. ஏகப்பட்ட இணைப்புகளை ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருப்பதும், ஒன்று விழுந்தால் மற்றவை விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் அதன் பிழைப்பே. சாட்டுக்கும் வேண்டியது அதேதான். 2012 தொடக்கத்திலேயே ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாண்டிவிட்டார்கள்.

இப்படி வாட்ஸ்அப்பை இழுத்து வரும் நம் ஆள் செய்யப்போவதோ கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். முதல் வருஷம் நூறு கடை வந்தாலே பெரிய விஷயம். அதற்குள் பில்லுக்குத் தனி புரோகிராமாக ஒரு சர்வீஸ், சரக்குக்கு ஒன்று, ஜிஎஸ்டிக்கு ஒன்று, நடுவில் அவற்றுக்குள் செய்தி கடத்த காஃப்கா, எல்லாவற்றையும் மேய்க்க குபர்நெட்டிஸ்! ஒரே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் பில் போடுவதும் சரக்கைக் கழிப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷன். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது. பிரித்து வைத்தால், சரக்கு கழிந்து பில் விழாமல் போகும் கேஸுக்கெல்லாம் நாம்தான் உட்கார்ந்து கோட் எழுத வேண்டும். கடைக்காரர் சாயந்தரக் கூட்டத்துக்கு நடுவே போன் போட்டுத் திட்டுவார்.

பல இடங்களில் இப்படிப் பிரிப்பது ப்ராடக்டுக்கான தேர்வே இல்லை, இன்ஜினியரின் ரெஸ்யூமேவுக்கான தேர்வு. செலவு மட்டும் முதலாளி கணக்கில்.

பின்னால் பெரிய கம்பெனி இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம். வெப் பக்கங்கள் கட்ட உதவும் ஆங்குலர்ஜேஎஸ் கூகுளுடையதுதான். 2016இல் வந்த ஆங்குலர் 2 பழையதோடு ஒத்துப்போகவில்லை. பழையதற்கான ஆதரவும் 2021 முடிவோடு நின்றுவிட்டது.

சரி, என்னைக் கேட்டால்? டீமுக்குக் கை வந்த மொழி எதுவோ அது, ஒரு போஸ்ட்கிரஸ், தினமும் பேக்கப். ஜாவா தெரிந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு அவர்களுக்குத் தெரியாத ரஸ்ட் மொழியில் எழுதப் போகாதீர்கள். இதற்கும் பெரிய கம்பெனி உதாரணம்தான் வேண்டுமென்றால், 2012இல் ஃபேஸ்புக் வாங்கியபோது இன்ஸ்டாகிராம் ஜாங்கோ என்ற பைதான் ஃப்ரேம்வொர்க்கிலும் போஸ்ட்கிரஸிலும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மொத்த ஆட்களே 13 பேர்.