கழுவிக் கவிழ்க்கப்பட்ட பதினான்கு ஜாடிகள்

நேற்று நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும் என்பதால் விரிவாகச் சொல்லப் போவதில்லை. பார்வையாளர்கள் வரும் நேரத்தில் அழுக்குத் தண்ணீர் எதற்கு என்று ஆய்வுக்கூடத்துச் சன்னலோரம் இருந்த பதினான்கு ஜாடிகளையும் கொட்டிவிட்டு, பளபளவெனக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள். ஒரு பருவத்தின் பாடத்தை இவ்வளவு சுத்தமாகக் கழுவி நான் பார்த்ததில்லை.

அது அழுக்குத் தண்ணீர் அல்ல. அடியில் இரண்டு விரற்கடை குளத்து வண்டல், அதில் நட்ட ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி, நான்கைந்து நத்தைகள், கண்ணை இடுக்கிப் பார்த்தால் துள்ளும் டாஃப்னியா என்ற பொடி நீருயிர் என்று இளங்கலை மாணவர்கள் தாங்களே அமைத்த சிறு குளங்கள். ஏழு ஜாடிகளில் சிட்டிகை உரம் போட்டோம், மற்ற ஏழில் போடவில்லை. பத்தே நாளில் உரமிட்டவை பாசி பெருகி, பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஆகிவிட்டன.

ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் மாணவி ஒருத்தி ஆக்சிஜன் மீட்டரோடு வந்து அளந்தாள். உரமிட்ட ஜாடியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1.8 மில்லிகிராம், முந்தைய நாள் பிற்பகலில் அதே ஜாடியில் 12. மீட்டர் பழுதென்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் நத்தைகள் அத்தனையும் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி, ஜாடியின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. "பகலெல்லாம் ஆக்சிஜன் தருகிற பாசியேதான் ராத்திரி அதை எடுத்துக்கொள்கிறதா, சார்?" என்றாள். உரச்சத்து மிகுந்து நீரில் பாசி பெருகும் யூட்ரோஃபிகேஷனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஸ்லைடு போட்டிருக்கிறேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

இந்த ஜாடிகளைக் குறைசொல்லி "மீன்தொட்டி விளையாட்டு" என்று எழுதியவருக்கு: அவற்றில் ஒரு மீன்கூட இல்லை. கொசு வளரும் என்றவருக்கு: எல்லா ஜாடிக்கும் வலை கட்டியிருந்தோம், வந்து பார்த்திருக்கலாம். பாடத்திட்டத்தில் இல்லையே என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

ஒரே ஒரு ஆட்சேபத்தை மட்டும் மதிக்கிறேன். ஜாடி ஏரியாகாது என்பது உண்மைதான். குடுவைச் சோதனைகளை நம்பி, பாசிப் பெருக்கத்துக்குக் கார்பனே காரணம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். கனடாவில் 226ஆம் எண் ஏரியை 1973இல் திரைபோட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தது ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு; பாஸ்பரஸ் போன பாதிதான் பச்சையானது. ஏரி தனக்கு வேண்டிய கார்பனைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும், குடுவைக்கு அந்த வசதி போதாது. இதை நான் மறைக்கவில்லை, இரண்டாவது வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். ஜாடி எங்கே பொய் சொல்லும் என்பதும் ஜாடியை வைத்திருப்பவருக்குத்தான் உறைக்கும்.

பாதி ஜாடி செத்துப்போய் நாறியதே என்கிறார்கள். நாறியது, ஒப்புக்கொள்கிறேன். அரிசோனாவில் 1991இல் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்ட பயோஸ்பியர் 2 என்ற அடைத்த கண்ணாடிக்கூடச் சோதனையில் ஆக்சிஜன் ஏறத்தாழ 14.5 சதவீதத்துக்கு இறங்கி, வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. மண்ணில் இருந்த நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டன. அந்த வாயுவைக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டதால் செடிகளால் அதை மீண்டும் ஆக்சிஜனாக்க முடியவில்லை. அத்தனை பணம் கொட்டிய இடத்திலேயே கணக்கு தப்பும்போது எங்கள் நத்தைகள் மட்டும் ஒழுங்காக வாழ்ந்து காட்ட வேண்டுமாம். செத்த ஜாடி ஏன் செத்தது என்று எழுதுவதுதானே அங்கே பாடம்?

போன ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்து இந்த ஆண்டுப் பதிவேட்டை நிரப்பும் செய்முறை வகுப்பை யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. அது நாறுவதுமில்லை, யார் கண்ணையும் உறுத்துவதுமில்லை. பார்வையாளர்கள் அந்தப் பதிவேடுகளைப் புரட்டி, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

அந்த மாணவி இன்று காலையும் மீட்டரோடு வந்திருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.