அந்த வசைச்சொல்லும் சுசீந்திரத்துக் கற்பாவையும்

போன வாரம் பள்ளி மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொருவனின் அம்மாவைச் சொல்லித் திட்டினான். எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சொல்தான். கூப்பிட்டு நிறுத்தி, "அதற்கு என்ன பொருள்?" என்று கேட்டேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "கெட்ட வார்த்தை டீச்சர்" என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

தேவரடியார் என்ற சொல்லின் சிதைவு அது. இறைவனுக்கு அடியார் என்று பொருள். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்களை அப்படித்தான் அழைத்தார்கள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப்பெண்களை, குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. அவர்கள் வழிவந்த பெண்கள் காத்த சதிர் ஆட்டம்தான் இன்று பரதநாட்டியமாக மேடையேறுகிறது. அந்தக் கலைக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால், "அவர்கள் ராணிகளாக வாழ்ந்தார்கள், வெள்ளைக்காரன்தான் கெடுத்தான்" என்று எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சாமிக்கு மனைவி என்று பொட்டுத் தாலி கட்டும்போது அந்தப் பிள்ளைக்கு வயது என்ன? பெரும்பாலும் வயதுக்கு வருமுன்பே கட்டிவிட்டார்கள். தாலி சாமியின் பெயரில். அதன் பிறகு அவள் யாருக்கு என்பதைச் சாமியா முடிவு செய்தது? நிலமும் பணமும் வைத்திருந்தவன் முடிவு செய்தான்.

கன்னியாகுமரிப் பக்கத்து நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இதை வேற்றூர்க் கதையாகக் கேட்க முடியாது. எங்கள் சுசீந்திரம் சிவன் கோயிலிலும் குடிக்காரிகள் என்ற பெயரில் தேவரடியார்கள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் சேது லட்சுமி பாய் ஆண்ட காலத்தில்தான் (1924–1931) இந்த முறை ஒழிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் தேவரடியார் குடும்பம் ஒன்றில் பிறந்த தாயின் மகளான முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் போராடியும், சட்டம் வர 1947 ஆகிவிட்டது. இருபது ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பிள்ளைகளின் கழுத்தில் பொட்டு ஏறியிருக்கும்?

சுசீந்திரத்துப் பிரகாரத்தில் தூணுக்குத் தூண் விளக்கேந்தி நிற்கும் கற்பாவைகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருத்தியின் முன்னால் போன மாதம் வெகுநேரம் நின்றேன். விரலிடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துக் கிடந்தது. முகம் எட்டாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகம்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே குமரி அம்மன் நிற்கிறாள். சுசீந்திரத்து மாப்பிள்ளையான சிவன் பாதி வழியில் வழுக்கம்பாறையோடு திரும்பிவிட, கல்யாணத்துக்கு வைத்த அரிசியும் பருப்பும் கடற்கரை மணலாகிவிட, கையில் ஜெபமாலையோடு கன்னியாகவே நின்றுவிட்டவள். அவளைக் கும்பிடும் மண்ணில், அவள் மணக்க இருந்த சாமியின் கோயிலுக்கே சிறுமிகளை நேர்ந்துவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

எல்லாம் பழைய கதை என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திர எல்லையிலும் அருந்ததியர் குடும்பங்களில் நோயுற்ற பெண் குழந்தையை மாத்தம்மா என்ற அம்மனுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் குறித்து, 2017இல்தான் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. குழந்தை பிழைத்தால் போதும் என்று வேண்டிக்கொள்ளும் தாயை என்னால் திட்ட முடியவில்லை. பக்கத்தில் ஒரு நல்ல மருத்துவமனை இருந்திருந்தால் அவள் எதற்கு அந்த நேர்த்திக்கடனுக்குப் போகிறாள்? அந்தப் பிள்ளை வளர்ந்த பின், சாமிக்கு விட்டவள்தானே என்று கை நீட்டுகிற ஆண்கள்தான் குற்றவாளிகள். பதினெட்டு வயது நிரம்பாதவள் என்றால் அது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின்படி குற்றம். கோயில் வழக்கம் என்று சொல்லி எவனும் தப்ப முடியாது. தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.

சாமிக்கு விடப்பட்டவளைத் திட்ட நம் மொழியில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவளிடம் போனவனுக்கு? மைனர் என்றோம், மிராசு என்றோம், பெரிய மனிதர் என்றோம். அவன் பேரப்பிள்ளைகளை யாரும் அவன் பெயரைச் சொல்லித் திட்டவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பையனின் வகுப்பில் இதைப் பேசப் போகிறேன். பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அரிசி மணலான கதை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.