"மகன், இது நரம்புக்கு நல்லமா?"

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, கம்பஸில் படிப்பிக்கிற என் கூட்டாளி ஒரு சேதி சொன்னான். நரம்பு மண்டல நோய்களுக்கான சிகிச்சைகளை மட்டும் எடுத்து ஆராய்கிற மீளாய்வுச் சஞ்சிகை (ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவது) ஒன்றைத் தொடங்கப் போகிறார்களாம். இணையத்தில் வரும், யாரும் சும்மா வாசிக்கலாம், எழுதுகிறவரிடமும் காசு வாங்குவதில்லை. "நீ என்னடா சொல்றாய்?" என்று கேட்டான். தேத்தண்ணி முடிவதற்குள் சொல்லிவிடுகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. களுவாஞ்சிகுடிப் பக்கம் பதினெட்டு வருஷமாகப் பாமசி வைத்திருப்பவன். மருந்துத் துண்டை நீட்டுகிறவர்களில் பாதிப்பேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மகன், இது நரம்புக்கு நல்லமா?" கை விறைத்தாலும் நரம்பு, கால் எரிந்தாலும் நரம்பு, கிழவருக்குப் பேரன் பேர் மறந்தாலும் நரம்பு. பாரிசவாதம் என்றால் சொல்லவே தேவையில்லை.

என் பெரியம்மாவுக்கு 2016இல் பாரிசவாதம் வந்தது. விடியப்புறம் வாய் ஒரு பக்கம் கோணியிருந்திருக்கிறது. காத்துக்கறுப்பு என்று நூல் கட்டி, எண்ணெய் பூசி, மறுகாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். நாங்கள் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அதை விடுவோம், அது எங்கள் பிழை. வீட்டுக்கு வந்த பிறகு வெளியில் ஒருவர் எழுதிக் கொடுத்த துண்டில் சிட்டிகோலின் இருந்தது. மூளைக்குப் பலம், நரம்புக்குச் சத்து என்று சொன்னார்கள். எட்டு மாதம் குடித்தா. இரண்டு காப்பில் ஒன்று அடகுக்குப் போனது. மாத்திரையை எண்ணிக் கொடுத்தது நான்தான்.

பிறகுதான் தெரிந்தது. ஜெர்மனி, ஸ்பெயின், போர்த்துகல் மூன்று நாட்டிலும் 2,298 நோயாளிகளை வைத்து அந்த மருந்தைச் சோதித்திருக்கிறார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து. குணமானதில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 'லான்செட்' என்ற மருத்துவச் சஞ்சிகையில் வந்தது 2012இல். அதாவது பெரியம்மா விழுவதற்கு நாலு வருஷம் முந்தி. அவர்கள் கொடுத்தது ஆறு கிழமை, பெரியம்மா குடித்தது எட்டு மாதம், இரண்டும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதை எடைபோட்டுச் சொல்வதற்குத்தானே மீளாய்வு?

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1997இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 40,000 நோயாளிகள். அடைப்பால் வரும் பாரிசவாதத்துக்கு 48 மணித்தியாலத்துக்குள் அஸ்பிரின் தொடங்கினால், ஆயிரம் பேருக்குப் பத்துப் பேரளவில் சாவோ மறுபடி தாக்குவதோ தவிர்க்கப்படுகிறது. பத்து என்பது சின்ன எண்தான், ஆனால் உண்மையான எண். என் கடையில் ஆக மலிவான மாத்திரைகளில் ஒன்று அது. (இதை வாசித்துவிட்டு வீட்டில் யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் அஸ்பிரின் ஆளை இன்னும் கெடுக்கலாம். ஸ்கான் பார்த்த பிறகு டொக்டர்தான் சொல்ல வேண்டும்.)

காப்பை அடகு வைத்து வாங்கியது விலை கூடிய மாத்திரை, பலன் உறுதியானது மலிந்த மாத்திரை. இந்தக் கணக்கைத் துணிந்து எழுதுகிற சஞ்சிகை என்றால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். "இது வேலை செய்யாது" என்று எழுத ஆட்கள் தயங்குகிறார்கள். மீளாய்வு என்ற பேரில் வருகிற பலதும், பத்துக் கட்டுரையை வாசித்துப் பத்தையும் நல்லது என்று சொல்லி, கடைசியில் "மேலும் ஆய்வுகள் தேவை" என்று முடிகிற சாமான். ஆர்ச்சி கொக்ரேன் என்ற பிரித்தானிய டொக்டர் 1979இலேயே, மருத்துவத்தில் நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி, சீர்தூக்கி, காலத்துக்குக் காலம் புதுப்பித்துத் தருகிற ஏற்பாடு இல்லையே என்று தன் தொழிலையே குறைசொன்னார். அவர் பேரில் கொக்ரேன் அமைப்பு உருவாக 1993 ஆயிற்று. நரம்பு நோய்களுக்கும் அவர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள். அதே தராசைக் கையில் எடுக்காவிட்டால் புதிதாக ஒரு சஞ்சிகை எதற்கு?

சஞ்சிகை என்றால் கும்பிடு போடுகிற காலமும் போய்விட்டது. எனக்கே ஒரு ஈமெயில் வந்தது, "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று. பாமசிக்காரனுக்கு! நரம்பியல் கட்டுரை ஒன்று அனுப்பினால் இரண்டு கிழமையில் போடுவார்களாம், டொலரில் மட்டும் கட்டணம். மனிசி ஒரு நாள் முழுக்க என்னைப் "பேராசிரியர்" என்றே கூப்பிட்டா. சிரிப்புக்கு அப்பால், 2023இல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் சஞ்சிகைகளிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கட்டுரைகளை மதிப்பிட்ட முறையிலேயே மோசடி. ஆகவே கூட்டாளி, முதல் இதழ் எப்போது வரும் என்று அவசரப்படாதே. யார் வாசித்துத் திருத்துவார்கள், மருந்துக் கம்பெனிக் காசு எங்கே நிற்கும் என்பதை முதலில் எழுதி வை.

தமிழ் விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பக்கம் தமிழில் வேண்டும் என்றேன். தமிழில் எழுதினால் பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்காது என்றான். சரி, கட்டுரையை இங்கிலீசிலேயே எழுது, புள்ளியும் வாங்கு. ஒரு பக்கத்துக்கு என்ன குறை? அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்த கிறீன் வைத்தியர், மானிப்பாயில் எங்கள் பொடியன்களுக்கு வைத்தியத்தையே தமிழில் படிப்பித்தார். உங்களுக்கு ஒரு பக்கம் முடியாதா?

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், போன வருஷம் ஒரு அம்மா மகளுக்கு வலிப்பு மாத்திரை வாங்க வந்தா. மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டுக்கு வலிப்பு விஷயம் தெரியாது. துண்டில் இருந்தது சோடியம் வல்ப்ரோயேட். கர்ப்பத்தில் அதை எடுத்தால் நூறு பிள்ளைகளில் பத்துப் பேரளவில் பிறவிக் குறையோடு பிறக்கலாம், முப்பது நாற்பது பேரின் வளர்ச்சி பிந்தலாம். அதே நேரம், பயந்து சடாரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து ஆளே முடியலாம். இந்த இரண்டையும் கடைவாசலில், பின்னால் நாலு பேர் நிற்க, மெல்லிய குரலில் சொல்ல வேண்டியிருந்தது. கலியாணத்துக்கு முந்தியே கிளினிக்கில் கதைத்து மருந்தை மாற்றலாமா என்று கேளுங்கோ என்றேன். கையில் கொடுக்க ஒரு தாள் இல்லை.

இன்னொன்று, எனக்குப் பிடிக்காத முடிவுகளும் அதில் வரட்டும். பாரிசவாதக்காரரை வீட்டு ஆட்களே பழக்கி எழுப்பலாம் என்பது என் நம்பிக்கை. பெரியம்மாவை அப்படித்தான் நடக்கவைத்தோம் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரை வைத்து இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்த பக்கத்திலும் கொடுக்காத பக்கத்திலும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரில் தங்கியிருந்தவர்களும் சேர்த்து 47 வீதம். வித்தியாசமே இல்லை! பிசியோ வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிசியோ செய்ய வேண்டியதை மருமகள் தலையில் கட்டிவிட்டுக் காசு மிச்சம் என்று நினைக்க முடியாது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். வேறு மாதிரி விளங்குகிறவர்கள் கீழே எழுதுங்கள், சண்டை பிடிக்கலாம்.

கூட்டாளி நேற்று இரவு கோல் எடுத்தான். தமிழ்ப் பக்கத்துக்கு அரைமனதாகச் சம்மதம். பதிலுக்கு, ஆட்கள் என் கடையில் கேட்கிற பத்துக் கேள்வியை எழுதித் தரச் சொன்னான். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தொடங்கிவிட்டேன், ஆறு சேர்ந்திருக்கிறது. முதலாவது பெரியம்மாவின் மாத்திரை. அக்கரைப்பற்று, கல்முனை, வாழைச்சேனைப் பக்கம் பாமசியிலும் கிளினிக்கிலும் நிற்கிறவர்கள் மிச்ச நாலையும் உட்பெட்டியில் போடுங்கள்.