போகிற நாளைத் தவறவிடாதீர்கள்

முதியோர் இல்லங்களுக்குப் போய்வரும் தொண்டர்கள் "நேரம் கிடைக்கும்போது போனால் போதும்" என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அங்கேதான் பிசகுகிறது. செவ்வாய் மாலை 4 மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தால், அங்குள்ள முதியவர்கள் 3 மணிக்கே தலைவாரி, வேறு சட்டை போட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மாதம் 2 நாள்தான் முடியுமென்றால் அதைச் சொல்லியே சேருங்கள்.

காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். வயதானால் முதலில் கேட்காமல் போவது கீச்சொலிதான். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, கீச்சிடாத கனத்த குரலில் நிதானமாகப் பேசுங்கள், உதடு பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். தின்பண்டம் கொடுக்குமுன் செவிலியரைக் கேளுங்கள். சர்க்கரை மட்டும் பிரச்சினையில்லை, விழுங்கச் சிரமப்படுபவருக்கு லட்டுத் துணுக்கே புரையேறிவிடும். ஏடிஎம் அட்டையை அவர்களே நீட்டினாலும் வாங்காமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். கன்றிய காயம், மிரட்சி ஏதும் தெரிந்தால் 14567 முதியோர் உதவி எண் இருக்கிறது, கூப்பிடத் தயங்க வேண்டாம்.