13 வயதுவரை யாரும் கவனிக்கவில்லை

என் மகனுக்கு எட்டு வயது இருக்கும். ஒருநாள் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். ஏதோ தோன்றி, பக்கத்தைக் கையால் மறைத்தேன். அவன் நிறுத்தவே இல்லை. கடைசி வரிவரை தடங்கலில்லாமல் சொல்லி முடித்தான். முந்தைய நாள் நான் வாசித்துக் காட்டியதை அப்படியே மனதில் ஏற்றி வைத்திருந்தான். என்ன ஞாபகசக்தி என்று பூரித்துப்போனேன். பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பது உறைக்கவில்லை. அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது அறிவு இருந்தும் வாசிப்பதும் பிழையில்லாமல் எழுதுவதும் கடினமாக இருக்கிற ஒரு வகைக் கற்றல் குறைபாடு என்று தெரியவந்தபோது வயது 13.

நடுவில் போன ஐந்து வருடங்களில் சோம்பேறி, கவனமில்லாதவன் என்று எத்தனையோ கேட்டுவிட்டான். தப்பாக எழுதிய சொல்லை நூறு தடவை எழுதச் சொன்னார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தேன். டியூஷன் மாற்றினேன், விளையாட்டை நிறுத்தினேன். நினைத்தால் இன்றும் நெஞ்சை அடைக்கிறது.

இது புதிய விஷயமும் இல்லை. 1896இலேயே பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடம் முழுக்க வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அதைப் படித்தபோது என் பிள்ளையைப் பற்றி யாரோ எழுதியதுபோல் இருந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகச் சொல்கிறது. 40 பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு முதல் ஆறு பேர். அதனால்தான் கண்ணையும் காதையும் சோதிப்பதுபோல எல்லாப் பிள்ளைகளின் வாசிப்பையும் ஆரம்ப வகுப்பிலேயே சோதிக்க வேண்டும் என்கிறேன். சந்தேகம் வந்த பிள்ளையை மட்டும் பார்ப்பது போதாது. சந்தேகம் பெரும்பாலும் வகுப்பில் சத்தம் போடுகிற பிள்ளைமேல்தான் வரும். சத்தமில்லாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுகிற பெண்பிள்ளை யார் கண்ணிலும் படமாட்டாள்.

முதல்கட்டச் சோதனை பெரிய வேலையும் இல்லை. எழுத்தைக் காட்டி ஒலியைக் கேட்பார்கள். படங்களின் பெயரை வேகமாகச் சொல்லச் சொல்வார்கள். 'காடு' என்பதில் 'க்' ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பார்கள். 'ஆடு' என்று சொல்லத் திணறுகிற பிள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இது குறைபாட்டை உறுதிசெய்கிற சோதனை இல்லை. சின்ன வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவது சகஜம். கூடுதல் பயிற்சியிலேயே பல பிள்ளைகள் சரியாகிவிடுவார்கள். வீட்டில் பேசாத மொழியில் மட்டும் சோதித்தால் முடிவே தப்பாகப் போகும். பார்வையும் கேட்கும் திறனும் சரியா என்று பார்த்து, சில மாதங்கள் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் முன்னேறாவிட்டால்தான் உளவியலாளரின் விரிவான மதிப்பீடு.

பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் மகன்மேல் 'மக்கு' என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. எந்தச் சோதனையும் செய்யாமலேயே.

ஒன்று முக்கியம். சோதித்துவிட்டுச் சும்மா விடுவது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர் வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும். கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அவற்றால் வாசிப்பு மேம்படும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை.

வளரிளம் பருவத்தில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பாடங்கள் நீளும்போது மனப்பாடம் கைகொடுக்காது. மணிக்கணக்காகப் பேசுகிற பிள்ளை விடைத்தாளில் மூன்றே வரி எழுதுகிறதா? சத்தமாக வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்கிறதா? திட்டுவதற்கு முன்னால் மதிப்பீட்டுக்கு அழைத்துப்போங்கள். அந்த வயதிலும் உதவி பலன் தரும்.

பத்து வயதில் வெட்கப்பட்டு, "இனிமேல் நீ வாசித்துக் காட்ட வேண்டாம்மா" என்று சொன்னவன் என் மகன். மதிப்பீடு முடிந்த வாரம் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். இரண்டு பாடம் வாசித்தேன்.